மாயழகுவின் படங்களை மதுரையில் எங்கே பார்க்கலாம்?

1

சென்ற மாதம் உங்கள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. "பம்பாயில் பரிசு பெற்று, இப்போது சீமைப் பத்திரிகைகளிலும் பேசப்படுகிற நவீன ஓவியர் மாயழகு மதுரைக்காரராமே. தாங்கள் மதுரையில் குடியிருக்கிறீர்கள். அவருடைய ஆரம்பகால வேலைகளை அந்த நகரத்தில் எங்கெங்கே பார்க்கலாம் என்று நம் யாழ்ப்பாண வாசகருக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள். மீனாட்சியம்மனைத் தரிசிக்க வருகிறவர்களுக்கு உதவும்" என்று எழுதியிருந்தார். கடைசியில், "தங்கள் தாயார் இதற்காக மிகவும் ஆவலாயிருக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்த வரியால்தான் ஒரு மாதம் தாமதமாயிற்று.

நான் மதுரைக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. என் கணவர் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். மகள் ராசத்துக்கு நாலரை வயது. அவளுக்குப் பின் குகன் பிறந்தான். பதினொரு மாதம் இருந்தான். போன வருஷம் சித்திரையில் இறந்துவிட்டான்.

என் அம்மாவுக்கு இது தெரியாது.

குகன் போன அதே வாரம் அம்மா நெஞ்சு வருத்தத்தோடு படுக்கையில் கிடந்தாள். என் கணவர் எழுதிய கடிதத்தை ஐயா, என் தகப்பனார், தபாற்கந்தோரிலேயே பிரித்து வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். "அதிர்ச்சி ஆகாது என்று டாக்குத்தர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் தேறட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன்" என்று எங்களுக்கு எழுதினார். அம்மா தேறினாள். ஐயா சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று நாங்களும் வற்புறுத்தவில்லை. பதினாறு மாதங்களாக நான் அம்மாவுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் குகன் சுகம் என்று ஒரு வரி இருக்கிறது.

கண்ணால் காணாத பேரனின் படமாவது வேண்டும் என்று அவள் விடாமல் கேட்டபோது, எங்களிடம் இருந்த ஒரே படத்தை அனுப்பினோம். அது அவன் இறந்த பிறகு எடுத்தது. பிரம்பு நாற்காலியில் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்து, வெல்வெட் தொப்பி அணிவித்து எடுத்திருந்தார்கள். படத்தைக் கழுவிய பிறகு, மூடிய இமைகளின் மேல் தூரிகையால் திறந்த கண்களை வரைந்திருந்தார்கள். இதற்கு இந்த ஊர் ஸ்டூடியோக்களில் 'கண் திறப்பது' என்று பெயர். அம்மா அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டி, "எங்கே நின்றாலும் என்னையே பார்க்கிறான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாளாம்.

படத்தின் வலது மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் 'மா' என்ற எழுத்து இருக்கிறது. மாயழகுவின் பரிசுப் படம் பத்திரிகையில் வந்தபோது, அதே வட்டத்தையும் அதே எழுத்தையும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். உலகம் புகழும் ஓவியர் என் பேரனை வரைந்திருக்கிறார் என்று ஆசிரியரிடம் போய்ச் சொன்னதும் அவள்தான். ஆகவே இந்தக் கட்டுரையை முதலில் வாசிக்கப் போகிறவளும் அவளே. அவள் வாசித்தாலும் பாதகமில்லாத ஒரு கட்டுரையை எழுதிவிடலாம் என்றுதான் தொடங்கினேன்.

2

மேல மாசி வீதிப் பக்கம் ஒரு நாடகக் கொட்டகை உண்டு. அங்கே மாயழகு வரைந்த தர்பார்த் திரை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ராசத்தையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். இப்போது அங்கே நாடகம் இல்லை, பேசும் படம் காட்டுகிறார்கள். வாசலில் காவலுக்கு இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, மாயழகு எண்ட ஓவியர் கீறின திரை இங்க இருக்குதோ?" என்றேன்.

"என்ன கீறுனது? யாரு கிழிச்சா?" என்றார்.

ராசம் முந்திக்கொண்டாள். "கீறுறதுன்னா வரையிறது. எங்கம்மா அப்படித்தான் பேசும்."

"அட, சீனைக் கேக்குறீகளா! தர்பார் சீனு. இருக்கே. அந்தா பின்னால தொங்குது, வாங்க."

கொட்டகையின் பின்புறம் மின்சாரத்துக்கு ஓர் எண்ணெய் எஞ்சின் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் வெயில் படாமல் திரையைப் போர்த்தியிருந்தார்கள். தூண்களும் திண்டுகளும் தலைகீழாகத் தெரிந்தன. சிம்மாசனம் இருந்த இடத்தில் வட்டமாக வெட்டி, அதன் வழியே புகைக் குழாயை வெளியே விட்டிருந்தார்கள். சுற்றிலும் கரி.

"நல்ல கித்தான் துணிம்மா. மழைக்கும் ஒழுகாது" என்றார் காவல்காரர். "என்ன விசயமா கேக்குறீக?"

"அவருக்குப் பம்பாயில் பரிசு கிடைச்சிருக்கு."

"இந்தச் சீனுக்கா?"

"இல்லை, வேறை ஒரு படத்துக்கு."

"அதான பாத்தேன்" என்றார். அவருக்கு ஒரு நிம்மதி வந்ததுபோல இருந்தது.

பரிசு வாங்கிய படத்தை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். வற்றிய ஆற்று மணலில் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு நிற்கிறார்கள். முகத்தில் மூக்கு இருக்கிறது, வாய் இருக்கிறது, கண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. இது ஐரோப்பாவில் பரவிவரும் புதிய பாணி என்று பத்திரிகையில் விளக்கம் எழுதியிருந்தார்கள். ராசம் அதைப் பார்த்துவிட்டு, "இவுகளுக்குக் கண்ணு போட மறந்துட்டாகளாம்மா?" என்று கேட்டாள்.

கோச்சடையில் ஒரு மிராசுதார் வீட்டில் அவர் எழுதிய எண்ணெய் வர்ணப் படம் ஒன்று உண்டு. அதற்கும் போனேன். ஆண் துணையில்லாமல் வந்திருக்கிறீர்களே என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். திறந்த கதவு வழியே பொன் சட்டத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது. படத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே நன்றாக இருக்கிறது என்று எழுதமாட்டேன்.

3

ராசத்தின் பேச்சைப் பற்றி அம்மா அடிக்கடி கேட்டு எழுதுவாள். எங்கள் வீடு மகாலுக்குப் பக்கத்துத் தெருவில், சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு நடுவில் இருக்கிறது. ராசம் அவர்களுடைய பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே சண்டை பிடிக்கிறாள். என்னோடு "வாரேன்", "போறேன்", "அம்புட்டும் எனக்கு" என்று மதுரைக்காரியாகப் பேசுகிறாள். நான் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றால் சிரிக்கிறாள். திருத்த வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. திருத்தினால் தெருவில் அவளை மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். விட்டால் நாளைக்கு யாழ்ப்பாணத்தில் அவள் விருந்தாளியாக நிற்பாள்.

குகன் பேசத் தொடங்கவில்லை. எந்த ஊர்ப் பேச்சு அவனுக்கு வந்திருக்கும் என்று சில வேளை யோசிப்பேன்.

போன வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு வைகை மணலுக்கு நான்தான் அவனைக் கொண்டுபோனேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்து எனக்கு எழுது என்று அம்மா கேட்டிருந்தாள். வெயில் தாங்கவில்லை. வழியெல்லாம் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்குப் பானகமும் நீர்மோரும் கொடுக்கிறார்கள். அது இங்கே பெரிய புண்ணியம். வேண்டாம் என்று சொல்வது மரியாதையல்ல. நான் ஒரு குவளை பானகம் குடித்தேன். குகன் கையை நீட்டினான். விரலில் தொட்டு இரண்டு மூன்று தரம் அவன் நாக்கில் வைத்தேன். நாலாம் நாள் இருவருக்கும் வாந்திபேதி.

அந்தப் பானகம்தானா, வீட்டுக் கிணறா, வேறு எதுவா என்று எவராலும் சொல்ல முடியாது. டாக்குத்தரும் அப்படித்தான் சொன்னார். இப்போது நான் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மறுபடியும் கொதிக்கவைக்கிறேன். விறகு வீணாகிறது என்று எனக்கே தெரிகிறது. அவன் இறந்தபோது நான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். படம் எடுத்ததும் அடக்கம் செய்ததும் என் கணவர்தான். நான் எழுந்து உட்கார்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

4

இந்தக் கட்டுரைக்காக அலைந்துகொண்டிருந்த நாளில் தபால் ஆபீசிலிருந்து ஓர் அறிவிப்புச் சீட்டு வந்தது. இலங்கையிலிருந்து பார்சல். ராசத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"செல்வன் குகன்னு போட்டிருக்கு. யாரு அவுக?"

"என்ரை மகன்."

"பேச்சு ஒரு மாதிரியா இருக்கே. மலையாளமா?"

"யாழ்ப்பாணம்."

"அப்பச் சரி. சின்னப் பிள்ளைன்னா நீங்க காப்பாளர்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். வயசு?"

"இரண்டே கால்" என்றேன். அந்தக் கணக்கு எப்போதும் என்னிடம் தயாராக இருக்கும்.

ராசம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "தம்பிதான் இல்லையே. அது சாமிகிட்டப் போயிருச்சே" என்றாள், ஒரு தவறைத் திருத்துகிறவள் போல.

குமாஸ்தாவின் பேனா நின்றது. எனக்குப் பின்னால் நின்றவர், "சார், எம்புட்டு நேரம் சார் நிக்கிறது?" என்றார்.

"இருய்யா, எந்திரிச்சா ஓடப்போறேன்?" என்று அவரை அடக்கிவிட்டு, குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "அம்மா, செத்தவுக பேருக்கு வந்த பார்சலை நாங்க குடுக்கக் கூடாது. மேல 'காலமானார்'னு செவப்பு மையில எழுதி, அனுப்புனவுகளுக்கே திருப்பணும். ரூல் அது."

"அனுப்பினது என்ரை அம்மா. அவவுக்கு இன்னும் தெரியாது ஐயா."

"பிள்ளையோட அம்மாச்சியா?"

தலையசைத்தேன். அவர் சீட்டை என் பக்கம் தள்ளினார்.

"பாப்பா ஏதோ விளையாட்டுக்குச் சொல்லுது. என் காதுல ஒண்ணும் விழலை. மைனர் குகனுக்காக, காப்பாளர்னு எழுதுங்க." நான் எழுதினேன். முத்திரையைக் குத்திக்கொண்டே அவர் சொன்னார்: "ஆனா எத்தன தடவைம்மா காதுல விழாம இருக்கும்?"

பார்சலில் பனங்கட்டியும், அம்மா கையால் தைத்த ஒரு நீலச் சட்டையும் இருந்தன. "குத்துமதிப்பாக வெட்டினேன். போட்டுப் பார்த்து அளவு சரியா என்று எழுது" என்று ஒரு துண்டுக் கடதாசி. இதற்கு முன்னால் இரண்டு சட்டைகள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரியது. இரண்டாவது சட்டைக்கு நான், "கை சற்று நீளம். பரவாயில்லை, வளருகிற பிள்ளைதானே" என்று பதில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை எழுதியவள் நான்தான் என்று நினைக்கும்போது எனக்கே பயமாக இருக்கிறது.

5

பக்கத்து வீட்டுக் கோதா அக்கா சாயப் பட்டறைக்காரரின் மனைவி. என்னைச் 'சிலோன் தங்கச்சி' என்பாள். ராசம் பாதி நாள் அவள் வீட்டில்தான். நான் வாசலோடு நின்று கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அன்று கூப்பிட்டும் ராசம் வரவில்லை. உள்ளே போனேன். அவள் உள்கூடத்துச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க பாரு, நம்ம தம்பி!"

சுவரில் இருந்தது ஒரு பெண் குழந்தையின் படம். பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டி, இரண்டு வயது இருக்கும். தம்பியல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். கண்கள் என்னைப் பார்த்தன. அவை குகனுடைய படத்திலிருந்த கண்கள். வலது கண்மணியில் ஒளி விழும் புள்ளிகூட அதே இடத்தில். மூலையில் வட்டத்துக்குள் 'மா'.

"அது எங்க ராதா" என்றாள் கோதா அக்கா. "அம்மை வந்து போயிருச்சு. ராசத்தைவிட மூத்தவளா இருப்பா இப்ப."

"கண் யாருடையது அக்கா?"

"மாயன் போட்டதுதான். மாயழகுவை நாங்க மாயன்னுதான் கூப்புடுவோம். நாலாம் நம்பர்."

"நம்பரோ?"

"அட்டையைக் காட்டுவாகல்ல? அதுல எந்தக் கண்ணு வேணும்னு தொட்டுக் காட்டணும். நாந்தான் தொட்டேன். ஒங்க வீட்டுல யாரு தொட்டது? வாத்தியாரா?"

எனக்கு எதுவும் தெரியாது என்பதை அவள் அப்போதுதான் புரிந்துகொண்டாள். ராசத்தின் கையில் முறுக்கைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, என்னை உட்காரச் சொன்னாள்.

"இந்தத் தெருவுல ஆறு வீட்டுல இருக்கு தங்கச்சி. அந்த ஸ்டூடியோவுல உசுரோட இருக்கறவுகளை எடுத்தா கடை முத்திரை மட்டுந்தான் குத்துவாக. மாயன் கை வெச்சதுக்குத்தான் அந்த வட்டம். ஒரு வீட்டுக்குள்ள போறோம், பிள்ளை படத்துல வட்டம் இருக்கா, அதைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டோம். 'எந்த ஸ்கூல்ல படிக்குது'ன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. ஊரு பூராவும் தெரியும். வெளியூர்க்காரவுகதான் கேட்டுப்போட்டு முழிப்பாக."

நான் வீட்டுக்கு வந்து ஆசிரியரின் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன். மாயழகுவின் வேலைகளை மதுரையில் எங்கே பார்க்கலாம் என்ற கேள்விக்கு எனக்கு இப்போது சரியான பதில் தெரியும். அந்தப் பதிலை எழுதினால், அம்மாவின் கூடத்துப் படத்தின் மூலையில் இருக்கும் வட்டத்தின் பொருளும் நம் ஊருக்குத் தெரிந்துவிடும். எழுதாமல் விட்டால், எஞ்சினுக்குப் போர்த்திய திரையையும் காணாத ஓர் எண்ணெய்ப் படத்தையும் வைத்து நான் உங்களை ஏமாற்ற வேண்டும்.

6

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த ஸ்டூடியோ இருக்கிறது. நடத்துகிறவர் காதர் பாய். அறுபது வயதுக்குக் குறையாது. வாத்தியாரின் மனைவி என்றதும் எழுந்து நின்றார்.

"வாங்க தாயி. பிள்ளையைத் தூக்கிட்டு வாத்தியாரு வந்து நின்னது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. உக்காருங்க."

கண் அட்டையைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து மேசையில் விரித்தார்.

முழங்கை நீள அட்டை. வேறு எதுவும் இல்லை, கண்கள் மட்டும். பதினொரு சோடி, கீழே எண்கள். மூக்கும் முகமும் இல்லாமல் அவை ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையாக இருந்தன. ஒரு சோடி அழுது முடித்திருந்தது. ஒரு சோடி எதையோ கேட்கப் போகிறது. எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் பரிசுப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது வராத ஒன்று இதைப் பார்த்தபோது வந்தது. இந்த மனிதர் பெரிய ஓவியர்தான் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை.

"ஆரம்பத்துல அட்டை கிட்டையெல்லாம் கிடையாது தாயி" என்றார் காதர் பாய். "பெத்தவளை முன்னால உக்காரவெச்சு, அவ கண்ணைப் பாத்துத்தான் பிள்ளைக்குப் போடுவான். அவ அழுதுக்கிட்டே இருப்பா. இவனும் சேந்து அழுவான். வேலை எங்கிட்டு நடக்கும்? பேதி வந்த வருசத்துல ஒரு நாளைக்கு நாலு, அஞ்சுன்னு வந்துச்சு. அப்பத்தான் இதை வரைஞ்சான். 'பாய், இனிமே ஒருத்தர் மூஞ்சியையும் பாக்க என்னால ஆகாது. நம்பரை மட்டும் சொல்லுங்க'ன்னுட்டான்."

"இவை யாருடைய கண்கள்?"

"இந்தச் சந்துல ஓடித் திரிஞ்ச பிள்ளைக கண்ணு. ஒண்ணொண்ணா நிறுத்திவெச்சு, கடலை மிட்டாயைக் கையில குடுத்து வரைஞ்சான். ஒங்க பிள்ளைக்குப் போட்டுட்டு, பிரஷ்ஷைக் கழுவி வெச்சவன்தான். அடுத்த வாரமே பம்பாய்க்கு ரயிலேறிட்டான். இப்பப் பேப்பர்ல பாத்தேன், கண்ணே இல்லாம வரையிறானாமே?" அவர் சிரித்தார், ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. "இங்க அம்புட்டுக் கண்ணு போட்டானே, தீந்துபோச்சு போல."

அப்போது வாசலில் ஒரு சிறுமி வந்து நின்றாள். பத்து வயது இருக்கும். தகப்பனுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்திருந்தாள்.

"அத்தா, உம்மா மீன் ஆறிப்போயிரும்னு சொல்லிச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நாலாம் நம்பரு" என்றார் காதர் பாய் மெதுவாக. "என் கடைசி மக. பாத்திமா."

அவள் கண்ணைச் சிமிட்டினாள். பதினாறு மாதமாக அசையாமல் இருந்த அந்தக் கண்கள் மூடித் திறந்ததை நான் பார்த்தேன். அட்டையில் அந்த நாலாம் சோடியை உள்ளங்கையால் மூடினேன். "இந்த அக்காவுக்கு என்ன அத்தா?" என்று அவள் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, வெயில்" என்றார் அவர்.

7

என் கணவரிடம் அட்டையைப் பற்றிக் கேட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவைத்தார்.

"உமக்கு ஏன் இப்ப அது?"

"அம்மா கேக்கிறா. ஊர் கேக்குது."

கொப்பிகளை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "பாய் முதலிலை என்னைத்தான் கேட்டவர், 'பிள்ளைக்குக் கண் எப்பிடி இருக்கும், சொல்லுங்க' எண்டு. எனக்கு ஞாபகம் வரேல்லை. பதினொரு மாசம் தூக்கி வைச்சிருந்த பிள்ளை, அவன்ரை கண் எப்பிடியிருந்தது எண்டு எனக்கு ஞாபகம் வரேல்லை. பயந்து போனன். அட்டையைக் காட்டினவை. ஒண்டைத் தொட்டுப்போட்டு வெளியிலை வந்து நிண்டன். நீர் எழும்பி வந்து கேட்டால் என்ன சொல்லுறது எண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டன். நீர் கேக்கவே இல்லை" என்றார்.

ஆம், நான் கேட்கவில்லை. அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை பார்த்தேன்; அந்தக் கண்கள் மனதில் பதிந்ததும் திருப்பி வைத்துவிட்டேன். அதனால்தான் அதை அம்மாவுக்கு அனுப்பச் சம்மதித்தேன் போலும். அம்மா தன் கூடத்தில் காதர் பாயின் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அதைத் தடுக்க வேண்டியவள் நான். ஐயா சொல்லிக்கொள்வார் என்று இருந்தது கீழ்ப்படிதல் என்று எண்ணியிருந்தேன். இப்போது அது கோழைத்தனமாகத் தெரிகிறது. நாளைக்கு இதுவும் தவறென்று தோன்றலாம். ஆனால் நாலாவது சட்டைக்கு என்னால் அளவு எழுத முடியாது.

8

ஆகவே, மதுரைக்கு வருகிறவர்களுக்கு. ஓவியர் மாயழகுவின் வேலைகளைப் பார்க்க நீங்கள் எந்த மண்டபத்துக்கும் போக வேண்டியதில்லை. மகாலைச் சுற்றிய தெருக்களிலும் மாசி வீதிகளிலும் கூடத்துச் சுவர்களில் இருக்கின்றன. ஒத்தக்கடை வரைக்கும் இருப்பதாகச் சொல்கிறார்கள். தண்ணீர் கேட்டால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கொடுப்பார்கள். சுவரில் பிள்ளையின் படம் இருந்து, வலது மூலையில் வட்டத்துக்குள் 'மா' இருந்தால், நன்றாகப் பாருங்கள். வயதைக் கேட்காதீர்கள்.

அப்படி ஒரு படம் நம் ஊரிலும் இருக்கிறது. அது என் மகன் குகன். அந்தக் கண்கள் அவனுடையவை அல்ல. அவனுடைய இடது கண் வலது கண்ணைவிடச் சற்றுச் சிறியது. தூக்கம் வரும்போது இடது கண் முதலில் மூடும், வலது கண் கொஞ்ச நேரம் தனியாக விழித்திருக்கும். அன்றைக்கு நான் எழுந்து உட்காரக்கூடியவளாக இருந்திருந்தால் ஓவியரிடம் இதைச் சொல்லியிருப்பேன்.

இந்தக் கட்டுரையை நான் நேரே ஆசிரியருக்கு அனுப்பவில்லை, ஐயாவுக்கு அனுப்புகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகு அவரே ஆசிரியரிடம் கொடுப்பார். எனவே நீங்கள் இதை அச்சில் பார்க்கிறீர்கள் என்றால், அம்மா கேட்டுவிட்டாள்.

ஐயா, காலையில் அம்மா மருந்து குடித்த பிறகு வாசியுங்கள். டாக்குத்தரை அன்றைக்கு வீட்டுப் பக்கம் வந்து போகச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். வருஷம் கழித்துக் கேட்கிற சாவுக்குத் தீட்டு, நம் பேச்சில் துடக்கு, இல்லை, கேட்டவுடன் தலைமுழுகினால் போதும் என்று இங்கே சொல்கிறார்கள். நம் ஊரிலும் அப்படித்தானா என்று ஐயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் அம்மா எழுந்து தலைமுழுக நேரே கிணற்றடிக்குத்தான் போவாள். மறிக்க வேண்டாம். பச்சைத் தண்ணீர் அவளுக்கு ஆகாது. வாசிக்கத் தொடங்குமுன் அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுங்கள்.